கல்ச்சர் பிளேட்டை வாசிப்பது எப்படி: ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எம்எல்டி (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம்) முடித்துவிட்டு மைக்ரோபயாலஜி மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. குடல் கிருமிகளை வளர்க்கும் ஊடகமான மெக்கொங்கி பிளேட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்கள், இளஞ்சிவப்பாக இருந்தால் ஈ.கோலை, நிறமில்லாமல் இருந்தால் சால்மொனெல்லா என்று நின்ற இடத்திலேயே பெயர் வைத்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த நிறம் சொல்வது, பிளேட்டில் போட்டிருக்கிற லக்டோஸ் சீனியை இந்தக் கிருமி நொதிக்க வைத்ததா இல்லையா என்பதை மட்டும்தான். நொதிக்க வைக்கிற கிருமிகளும் ஏராளம், வைக்காதவையும் ஏராளம். ஐந்தாறு கேள்விகள் கேட்டு, கிடைத்த பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகுதான் பெயர் வரும்.

கொழும்பில் ஒரு நடுத்தர ஆய்வுகூடத்தில் என்ன இருக்குமோ அதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மலக் கல்ச்சரை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். சிறுநீரும் சீழும் சுருக்கமாக வரும். தானாகவே பெயர் சொல்லும் இயந்திரம் இருக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். பிளேட்டில் புள்ளியாகத் தெரிகிற கிருமிக் கூட்டத்தைத்தான் கொலனி என்கிறோம், கலந்துபோன கொலனியைக் கொடுத்தால் அந்த இயந்திரமும் உளறத்தான் செய்யும்.

ஏ/எல் பிள்ளைகள் சிலர் புரொஜெக்ட் என்று சொல்லி வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கேட்கிறார்கள். நோன்பு காலத்தில் வீட்டில் காய்ச்சுகிற கடற்பாசியும் நாங்கள் பாவிக்கிற ஏகாரும் ஒரே வகைப் பொருள்தான், 1880களில் ஃபன்னி ஹெஸ்ஸே என்ற பெண்மணி சமையலறையில் இருந்த அதைத்தான் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார், அதெல்லாம் சரி. ஆனால் மலத்தையோ சீழையோ வீட்டில் வளர்க்கக் கூடாது. இங்கே சொல்கிற எல்லாம் கையுறை, பாதுகாப்புப் பெட்டி, ஓட்டோகிளேவ், மேற்பார்வை செய்ய ஒரு மைக்ரோபயாலஜிஸ்ட் இருக்கிற இடத்துக்கு மட்டும்.

மாதிரி வந்த விதம்

பிளேட்டில் வரும் சிக்கலில் பாதி, மாதிரி வாசலுக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. வெள்ளவத்தையில் காலை ஏழு மணிக்கு எடுத்த சிறுநீர் காலி வீதி நெரிசலில் த்ரீவீலரில் கிடந்து, வேறு மூன்று இடங்களில் மாதிரி ஏற்றிக்கொண்டு பத்தரைக்கு வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? நல்ல சூடு கிடைத்தால் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒரு மில்லிலீட்டரில் ஆயிரமாக இருந்தது மூன்று மணிநேரத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். சிறுநீர்த் தொற்று என்று பொதுவாக எடுத்துக்கொள்ளும் எல்லை ஒரு லட்சம். வெளியில் அவ்வளவு வேகம் இருக்காது என்றாலும் கொழும்பு வெயில் கிருமிக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். அதனால் இரண்டு மணிநேரத்துக்குள் போட முடியாத சிறுநீர் குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் போரிக் அமிலம் போட்ட போத்தலில் வர வேண்டும். போத்தலில் எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், வந்த நேரம் மட்டும் போதாது.

மலத்தில் கதை தலைகீழ். அங்கே தேடுகிற கிருமி பெருகுவதில்லை, செத்துப்போகிறது. முக்கியமாக, வயிற்றுளைச்சலை உண்டாக்கும் ஷிகெல்லா. மலம் வெளியே வந்து நேரமாக ஆக அமிலத்தன்மை கூடும், அதை அது தாங்காது. ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணிநேரத்துக்குள் போடுங்கள், முடியாவிட்டால் கேரி-பிளேயர் ஊடகத்தில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். போத்தலைத் திறந்ததும் சளியும் இரத்தமும் கலந்த பகுதி இருக்கிறதா என்று தேடி அங்கிருந்தே எடுங்கள், ஓரத்தில் ஒட்டியிருக்கிற கட்டிப் பகுதியிலிருந்து அல்ல. அன்டிபயோடிக் தொடங்கிவிட்டார்களா என்று கோரிக்கைத் தாளில் இல்லையென்றால் வாட்டுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள், இரண்டு நிமிட வேலை. இன்னொன்று, டைஃபொயிட் சந்தேகத்தில் முதல் வாரத்திலேயே மலத்தை மட்டும் அனுப்பினால் பெரிதாக எதுவும் கிடைக்காது, அந்த நேரத்தில் கிருமியை இரத்தக் கல்ச்சரில்தான் தேட வேண்டும். அதை டொக்டரிடம் மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஊடகம்

மெக்கொங்கியை 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் செய்யலாம். சால்மொனெல்லா, ஷிகெல்லா தேடும் எக்ஸ்எல்டியையும் கொலராக் கிருமி தேடும் டிசிபிஎஸ்ஸையும் அப்படிச் செய்யவே கூடாது, கொதிக்கிற அளவுக்குச் சூடாக்கிக் கரைத்து உடனே இறக்கிவிட வேண்டும், அதிகம் வேகவைத்தால் படிவு விழும், நிற மாற்றங்களை நம்ப முடியாமல் போகும். 50 பாகை அளவுக்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோர்த்து, அது கொலனிகள் மேல் சொட்டி எல்லாவற்றையும் கலந்துவிடும். எங்கள் ஊர் ஈரப்பதனுக்கு இது தினசரித் தலைவலி. பாவிக்க முன் பிளேட்டை இன்கியூபேட்டரில் மூடியைச் சற்றுத் திறந்து கவிழ்த்து வைத்து மேற்பரப்பைக் காயவிடுங்கள். ஈரப் பிளேட்டில் புரோட்டியஸ் என்ற கிருமி இருந்தால் அலை அலையாகப் பரவி மற்ற எல்லாக் கொலனிகளையும் மூடிவிடும்.

இரத்த ஏகாருக்கு 5 சதவீதம் செம்மறியாட்டு இரத்தம். காலாவதியான மனித இரத்தம் சும்மா கிடைக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். தொற்று ஆபத்து ஒரு பக்கம், அதில் இருக்கக்கூடிய அன்டிபயோடிக்கும் எதிர்ப்புப் பொருளும் வளர்ச்சியைக் கெடுப்பது இன்னொரு பக்கம்.

புதிய தொகுதி ஊடகம் ஊற்றும்போதெல்லாம் தெரிந்த கிருமியைப் போட்டுப் பாருங்கள். ஏடிசிசி (இப்படியான நியமக் கிருமிகளைச் சேமித்து வைக்கும் நிறுவனம்) 25922 ஈ.கோலை மெக்கொங்கியில் இளஞ்சிவப்பாக வளர வேண்டும், ஏடிசிசி 25923 ஸ்டஃபிலோகொக்கஸ் ஒரியஸ் அதில் வளரக் கூடாது. பித்த உப்பும் கிறிஸ்டல் வயலட்டும் கிராம் பொசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரிகிற) கிருமிகளைத் தடுக்கத்தான் அதில் இருக்கின்றன. ஒரியஸ் நன்றாக வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுக்கக் குப்பைக்கு. நேரமில்லை என்று இதைத் தாண்டிப் போகிற இடங்களை எனக்குத் தெரியும், அங்கே வருகிற ரிப்போர்ட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இழுப்பது

மலத்துக்கு ஒரு மெக்கொங்கி, ஒரு எக்ஸ்எல்டி, ஒரு டியூப் செலனைட் குழம்பு. மாதிரியை ஓரத்தில் ஒரு சிறு இடத்தில் தேய்த்து, கம்பி வளையமான லூப்பைச் சுட்டு ஆறவிட்டு, அந்த இடத்தைத் தொட்டு அடுத்த பகுதிக்கு இழுத்து, மறுபடி சுட்டு, இப்படி நான்கு பகுதி. கடைசிப் பகுதியில் கொலனிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்க வேண்டும், அதுதான் இந்த வேலையின் முழு நோக்கம். சுடாமல் இழுத்தால் நான்காம் பகுதியும் முதலாம் பகுதி மாதிரியே அப்பியிருக்கும், அங்கிருந்து எடுத்துச் செய்கிற எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. பிளேட்டைக் கவிழ்த்து 35-37 பாகையில் 18 முதல் 24 மணிநேரம். பெயரையும் இலக்கத்தையும் அடிப்பக்கத்தில் எழுதுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.

செலனைட் குழம்பு சால்மொனெல்லாவுக்காக. கூட இருக்கிற மற்றக் குடல் கிருமிகளைச் சில மணிநேரம் அடக்கி வைத்து இதற்கு இடம் கொடுக்கும். ஆனால் நிரந்தரமாக அடக்காது, அதனால் அடுத்த நாள் தவறாமல் அதிலிருந்து இன்னொரு எக்ஸ்எல்டிக்கு மாற்ற வேண்டும். ஷிகெல்லாவுக்கு இதை நம்ப வேண்டாம். செலனைட் மனிதருக்கும் நஞ்சு, தூளை நிறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

காலையில் வந்ததும் பிளேட்டுக்கு முதல் இன்கியூபேட்டரின் வெப்பமானியைப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் போன காலத்தில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இரவில் கரண்ட் போயிருந்தால் நேரக் கணக்கு மாறிவிடும், வளர்ச்சி இல்லை என்று எழுத அவசரப்படாதீர்கள்.

எக்ஸ்எல்டியை வாசிப்பது

எனக்குப் பிடித்த ஊடகம் இது, கொஞ்சம் கூடுதலாகவே சொல்லப் போகிறேன். ஒரே பிளேட்டில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, சைலோஸ் சீனியை நொதிக்க வைக்கிறாயா? பெரும்பாலான குடல் கிருமிகள் ஆம் என்று சொல்லி அமிலம் உண்டாக்கும், பிளேட்டில் இருக்கிற நிறங்காட்டியான ஃபினோல் ரெட் மஞ்சளாகும். பெரும்பாலான ஷிகெல்லா இல்லை என்று சொல்லும், அதனால் சிவப்பாகவே நிற்கும். சால்மொனெல்லாவும் சைலோஸை நொதிக்க வைக்கிறதே, அப்படியானால் அதுவும் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்? அங்கேதான் இரண்டாவது கேள்வி: லைசினை உடைக்கிறாயா? பிளேட்டில் சைலோஸ் கொஞ்சம்தான் இருக்கிறது. அது தீர்ந்ததும் சால்மொனெல்லா லைசினை உடைக்கத் தொடங்கும், அதில் காரம் உண்டாகி நிறம் திரும்பவும் சிவப்புக்கு வந்துவிடும். லைசினை உடைக்கத் தெரிந்த மற்றக் கிருமிகள் இதே வேலையைச் செய்துவிடாமல் இருக்க லக்டோஸும் சுக்ரோஸும் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். அவை அந்தச் சீனிகளையும் தின்று அமிலமாகவே நிற்கும், சால்மொனெல்லாவுக்கு அவை ஆகாது. மூன்றாவது, ஐதரசன் சல்ஃபைட் வருகிறதா? வந்தால் கொலனியின் நடுவில் கறுப்பு.

அதனால் சிவப்புக் கொலனி, நடுவில் கறுப்பு என்றால் சால்மொனெல்லாவாக இருக்கலாம். கறுப்பில்லாத சிவப்பு ஷிகெல்லாவாக இருக்கலாம். இரண்டு வாக்கியத்திலும் 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். சால்மொனெல்லா பாராடைஃபி ஏ கறுப்பே இல்லாமல் வரக்கூடும், டைஃபொயிட்டை உண்டாக்கும் டைஃபியில் கறுப்பு மிகக் குறைவாக இருக்கும், சூடோமொனாஸும் சிவப்பாக வந்து ஷிகெல்லா வேடம் போடும். புரோட்டியஸும் கறுப்பு நடுவோடு வரும், சுற்றிலும் மஞ்சளா என்று பாருங்கள். 24 மணிநேரம் தாண்டிப் பார்த்தால் மஞ்சளாக இருந்தவையும் சிவப்புக்குத் திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை யாரும் வராமல் திங்கள் காலையில் பார்த்த பிளேட்டை வைத்து ஷிகெல்லா என்று சந்தோஷப்படாதீர்கள்.

சந்தேகக் கொலனியிலிருந்து பெயர் வரை

எக்ஸ்எல்டியிலோ மெக்கொங்கியிலோ தனியாக நிற்கிற கொலனியின் உச்சியை மட்டும் தொட்டு எடுத்து நியூட்ரியன்ட் ஏகாரில் இழுத்து ஒரு இரவு வையுங்கள். ஒரு நாள் போகிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் சில கிருமிகளை மட்டும் வளரவிடும் தெரிவு ஊடகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிக் கிடக்கிற வேறு கிருமிகள் அந்தக் கொலனிக்கு அடியில் இருக்கலாம், நேரடியாக எடுத்துச் சோதனை போட்டால் இரண்டு கிருமியின் பதில்கள் கலந்து எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கிருமி பிறக்கும். வாட்டில் நோயாளி மோசமாக இருந்தால் அதே நாளில் சோதனைகளைத் தொடங்கலாம், கூடவே தூய்மைப் பிளேட் ஒன்றும் போட்டு, அடுத்த நாள் அது ஒரே வகையாக இருந்தால் மட்டும் முடிவை நம்புங்கள்.

முதலில் ஒக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. நியூட்ரியன்ட் ஏகாரில் வளர்ந்ததை மரக்குச்சியால் எடுத்து, ரீஏஜன்ட் தோய்த்த தாளில் தேய்த்தால் பத்து செக்கனுக்குள் ஊதா வர வேண்டும். அதற்குப் பிறகு வருகிற ஊதாவைக் கணக்கில் எடுக்காதீர்கள். நிக்ரோம் கம்பி பாவித்தால் பொய்யாகப் பொசிட்டிவ் வரும். மெக்கொங்கி கொலனியை இதற்கு எடுக்கக் கூடாது. பொசிட்டிவ் என்றால் சால்மொனெல்லா, ஷிகெல்லா இரண்டும் கிடையாது, சூடோமொனாஸ் அல்லது விப்ரியோ (கொலராக் கிருமியின் குடும்பம்) பக்கம் யோசியுங்கள். கொலரா சந்தேகம் என்றால் டிசிபிஎஸ்ஸில் மஞ்சள் கொலனி தேட வேண்டும்.

அடுத்தது யூரியேஸ், அதாவது யூரியாவை உடைக்கிறதா என்ற சோதனை. சில மணிநேரத்தில் கடும் இளஞ்சிவப்பாக மாறினால் புரோட்டியஸ் என்று ஒதுக்கி வைத்துவிடலாம். மலிவான சோதனை, வீண் வேலையை நிறையக் குறைக்கும்.

பிறகு டிஎஸ்ஐ, மூன்று சீனியும் இரும்பும் போட்டுச் சரிவாக உறைய வைத்த ஏகார் டியூப். நேரான ஊசிக் கம்பியால் அடி வரைக்கும் குத்தி, வெளியே எடுத்து, சரிவில் கோடு இழுத்து, மூடியைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி மூடினால் சரிவுக்குக் காற்றுக் கிடைக்காமல் முடிவு கெட்டுவிடும். இதில் குளுகோஸ் 0.1 சதவீதம்தான், லக்டோஸும் சுக்ரோஸும் ஒவ்வொரு சதவீதம். குளுகோஸை மட்டும் தின்னும் கிருமி முதலில் டியூப் முழுவதையும் மஞ்சளாக்கும், அது தீர்ந்ததும் சரிவில் காற்றோடு பெப்டோன் என்ற புரதத் துண்டுகளை உடைத்து காரமாக்கும், ஆகவே மேலே சிவப்பு, அடியில் மஞ்சள். இதற்கு 18 மணிநேரமாவது வேண்டும். பத்து மணிநேரத்தில் எட்டிப் பார்த்தால் எல்லாமே மஞ்சள்தான், ஏமாந்துபோவீர்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள், கறுப்பு நிறைய, வாயுவும் உண்டு என்றால் பொதுவான சால்மொனெல்லா. அதே நிறங்கள், குத்திய இடத்தில் மீசை மாதிரிக் கொஞ்சம் கறுப்பு, வாயு இல்லை என்றால் டைஃபியை நினையுங்கள். கறுப்பும் இல்லை வாயுவும் இல்லை என்றால் ஷிகெல்லா. முழுக்க மஞ்சளும் வாயுவும் என்றால் ஈ.கோலை போன்றவை.

சிட்ரோபக்டர் ஒன்று இருக்கிறது, கறுப்பு வரும், சால்மொனெல்லா மாதிரியே முகம் காட்டும். அதைப் பிடிக்க லைசின் அயன் ஏகார். சால்மொனெல்லாவில் அடிப்பகுதி ஊதாவாக நிற்கும், சிட்ரோபக்டரில் மஞ்சளாகும். இன்டோல், சிட்ரேட், அசைவு எல்லாவற்றையும் இதோடு சேர்த்து ஒரு வரியில் எழுதி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தவில்லையென்றால் அதைச் சமாளித்து எழுதாமல் தூய்மைப் பிளேட்டுக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசியில்தான் அன்டிசீரம், அதாவது குறிப்பிட்ட கிருமியை மட்டும் பிடித்துத் திரளச் செய்கிற எதிர்ப்புச் சீரம். நியூட்ரியன்ட் ஏகாரில் வளர்ந்ததை ஸ்லைட்டில் ஒரு துளி சலைனில் கரைத்து முதலில் தனியாகப் பாருங்கள். சலைனிலேயே திரண்டால் அந்தக் கிருமியை வைத்து இந்தச் சோதனையே செய்ய முடியாது. திரளவில்லையென்றால் பொலி ஓ அன்டிசீரம், பிறகு ஓ9, விஐ அன்டிசீரங்கள். டைஃபியில் விஐ உறை ஓவை மறைத்துவிடுவதுண்டு. உயிர்வேதிச் சோதனைகள் எல்லாம் டைஃபி என்கின்றன, ஆனால் ஓ9 திரளவில்லை என்றால் கரைசலைக் கொதிநீரில் வைத்து ஆறவிட்டு மறுபடி பாருங்கள். ஷிகெல்லாவுக்கு அன்டிசீரம் இன்னும் முக்கியம். ஈ.கோலையும் ஷிகெல்லாவும் அவ்வளவு நெருங்கிய சொந்தம், கிருமியின் புரதங்களை வைத்துப் பெயர் சொல்லும் விலை கூடிய மால்டி-டொஃப் இயந்திரத்துக்குக்கூட இரண்டையும் பிரிக்கக் கஷ்டம்.

சீழும் சிறுநீரும்

சீழ் என்றால் கல்ச்சருக்கு முன் கிராம் சாயம், அதை விட்டுவிட்டு ஒன்றும் தொடங்க வேண்டாம். கிராம் பொசிட்டிவ் உருண்டைகள் வளர்ந்தால் 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டில் கட்டலேஸ் நொதிச் சோதனை. நுரைத்தால் ஸ்டஃபிலோகொக்கஸ் பக்கம், இல்லையென்றால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்கம். இரத்த ஏகாரிலிருந்து எடுக்கும்போது ஏகாரைச் சுரண்டாதீர்கள், இரத்தத்திலும் கட்டலேஸ் இருக்கிறது. ஒரியஸா என்று பார்க்க, பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் டியூப் கோயகுலேஸ், 37 பாகையில் நான்கு மணிநேரத்தில் கட்டாயம் ஒரு தடவை பாருங்கள், உறைந்தது பிறகு கரைந்தும் போகலாம். நான்கில் இல்லையென்றால் அடுத்த நாள் வரை வையுங்கள்.

சிறுநீருக்கு ஒரு மைக்ரோலீட்டர் லூப், கிளெட் ஏகார். அதில் புரோட்டியஸ் பரவாது. ஒரு கொலனி என்றால் மில்லிலீட்டருக்கு ஆயிரம், நூறு கொலனி என்றால் ஒரு லட்சம். மூன்று வகைக்கு மேல் வளர்ந்திருந்தால் அநேகமாகத் தோலிலிருந்து வந்தது, எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ்டி (எந்த அன்டிபயோடிக் கேட்கும் என்ற சோதனை) போட்டு வீணாக்காமல் மாதிரியைத் திரும்பக் கேளுங்கள். கேட்கும்போது முதல் சிறுநீரை விட்டு நடுச் சிறுநீரைப் பிடிப்பது எப்படி என்று நோயாளிக்குத் தமிழிலோ சிங்களத்திலோ அவருக்குப் புரிகிற மொழியில் ஒருவர் சொல்ல வேண்டும், போத்தலை மட்டும் நீட்டினால் அடுத்ததும் அப்படித்தான் வரும்.

பிளேட்டை மோந்து பார்க்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூச்சோடு உள்ளே போனால் ஆபத்தான ஒரு மண் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் இலங்கையில் 1927இலேயே பதிவாகிவிட்டது, இப்போதும் வருகிறது. இரத்தத்திலோ சீழிலோ மெதுவாக வளர்கிற, ஒக்சிடேஸ் பொசிட்டிவ் ஆன, ஜென்டமைசின் அன்டிபயோடிக்குக்கு அசையாத, கோல் வடிவக் கிராம் நெகட்டிவ் கிருமி ஒன்று வந்தால், வெறும் சூடோமொனாஸ் என்று தள்ளிவிடாமல் பிளேட்டை டேப் போட்டு மூடி, மேசையில் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் மைக்ரோபயாலஜிஸ்டைக் கூப்பிடுங்கள். உறுதிப்படுத்தும் வேலையை அதற்கு வசதி உள்ள உசாத்துணை (ரெஃபரன்ஸ்) ஆய்வுகூடம் பார்த்துக்கொள்ளும்.

ரிப்போர்ட் எழுதும்போது மலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் 'நோய்க் கிருமி இல்லை' என்று எழுதாதீர்கள், 'சால்மொனெல்லா, ஷிகெல்லா பிரித்தெடுக்கப்படவில்லை' என்று எழுதுங்கள், நீங்கள் தேடியது அவை இரண்டைத்தான். கிடைத்தால் தாள் மேலே போகும்வரை காத்திருக்காமல் வாட்டுக்குக் கோல் எடுத்துச் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று குறித்து வையுங்கள். டைஃபொயிட்டும் வயிற்றுளைச்சலும் எம்ஓஹெச்சுக்கு (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு) அறிவிக்க வேண்டிய நோய்கள், சந்தேகத்திலேயே ஹெச் 544 படிவம் அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பியாயிற்றா என்று அதே கோலில் கேட்டுவிடலாம். முடிந்த பிளேட்டுகளை அன்றைக்கே ஓட்டோகிளேவுக்கு அனுப்புங்கள், தூய்மைப் பிளேட்டை மட்டும் ரிப்போர்ட் போய்ச் சேரும் வரை எடுத்து வையுங்கள், டொக்டர் சந்தேகம் கேட்டு எடுத்தால் திரும்பச் செய்து பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.